யாரை யாரோட மோத விடுறது? கிக்பாக்ஸிங் மேட்ச்மேக்கிங் பற்றி கொஞ்சம் வெளிப்படையா

எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாக சில இடங்கள் சுருக்கப்பட்டுள்ளன.

 

2024 நவம்பர்ல ஜேக் பால், மைக் டைசன் சண்டை நடந்தப்போ டைசனுக்கு 58 வயசு. யூடியூப்ல இருந்து வந்த ஒருத்தர், தன் வயசுல இருமடங்கு இருக்கிற ஒரு பழைய சாம்பியனை புள்ளிக் கணக்குல ஜெயிச்சாரு. உலகமே உட்கார்ந்து பார்த்தது. அதுக்கப்புறம் உங்கள்ல பலர் என்கிட்ட கேட்ட கேள்வி ஒண்ணுதான்: "இதெல்லாம் சண்டையா, இல்ல ஷோவா?"

இதுக்கு பாக்ஸிங்கை வச்சு பதில் சொல்றதைவிட கிக்பாக்ஸிங்கை வச்சு சொல்றது எனக்கு சுலபம். ரெண்டு காரணம். ஒண்ணு, இந்தப் பரிசோதனையை ஜப்பான்ல கிக்பாக்ஸிங் 20 வருஷம் முன்னாடியே, ரொம்பப் பெரிய அளவுல செஞ்சு பார்த்துடுச்சு. இன்னொண்ணு, நானே கொஞ்ச நாள் கிக்பாக்ஸிங் கத்துக்கிட்டவன். சாம்பியன் எல்லாம் இல்ல. ஆனா ஒரு தடவை ரிங்குக்கு மூணு படி கீழ வரைக்கும் போயிருக்கேன். அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

கல்லூரி முடிச்ச சமயம். சென்னைல ஒரு சின்ன ஜிம்ல ஒன்றரை வருஷமா பயிற்சி. ஒரு கல்யாண மண்டபத்துல ரிங் போட்டு நடத்தின அமெச்சூர் போட்டியில எனக்கு முதல் சண்டை. என் எடை 63 கிலோ. காலையில எடை பார்க்கப் போனா, என் கூட மோத வேண்டிய பையன் காய்ச்சல்னு வரலை. அமைப்பாளர் சிரிச்சுக்கிட்டே வந்து, "கவலைப்படாதீங்க, வேற ஆள் ரெடியா இருக்காரு" அப்படின்னாரு. அந்த வேற ஆள் 71 கிலோ. என் மாஸ்டர் ஒரே வார்த்தையில முடிச்சுட்டாரு: "வேணாம்." எனக்கு வந்த கோவத்துக்கு அளவே இல்ல. என் ஃபிரெண்ட்ஸ் 12 பேர் டிக்கெட் வாங்கிட்டு வெளியில நிக்கிறாங்க! அந்தக் கதையோட மிச்சத்தைக் கடைசில சொல்றேன்.

மேட்ச்மேக்கர் என்ன வேலை பார்க்கிறாரு?

ஒரு ஃபைட் நைட்ல நம்ம கண்ணுக்குத் தெரியறது ஃபைட்டர், ரெஃப்ரி, அறிவிப்பாளர். தெரியாத ஆள் ஒருத்தர் இருக்காரு. யாரை யாரோட, எந்த எடையில, எந்த விதியில, எத்தனை ரவுண்டு மோத விடணும்னு முடிவு பண்றவர். அவர்தான் மேட்ச்மேக்கர்.

அவர் பார்க்கிற விஷயங்கள் மேலோட்டமா சுலபம்: எடை, உயரம், அனுபவம். அதுக்குக் கீழ நிறைய இருக்கு. ஒருத்தர் இடது கை முன்னணியா, வலது கை முன்னணியா? முன்னாடி பாய்ஞ்சு அடிக்கிறவரா, பின்வாங்கி எதிரி தப்பு பண்ணக் காத்திருக்கிறவரா? காத்திருக்கிற ரெண்டு பேரைச் சேர்த்து போட்டா ஒன்பது நிமிஷமும் ஒருத்தரை ஒருத்தர் முறைச்சுக்கிட்டே முடிஞ்சுடும். கடைசியா நாக் அவுட் ஆகி எத்தனை மாசம் ஆச்சுன்னும் பார்க்கணும். இது விறுவிறுப்புக்கான கேள்வி இல்ல. மூளைக்கு ஓய்வு கிடைச்சிருக்கான்னு தெரிஞ்சுக்கிற கேள்வி.

இதெல்லாம் திறமைப் பக்கம். இன்னொரு பக்கம் டிக்கெட். வளர்ந்து வர்ற உள்ளூர்ப் பையனுக்கு, ஜெயிக்கிற மாதிரி ஒரு எதிரியைத் தேடிக் கொடுக்குறது இந்தத் தொழில்ல ரொம்ப சகஜம். அதுல ஓரளவு நியாயமும் இருக்கு. முதல் சண்டையிலேயே உலக சாம்பியனோட மோத விட்டா யாரும் வளர முடியாது. ஆனா பத்து சண்டையும் தோற்கவே வந்த ஆளுங்களோட போட்டு, "10-0, தோல்வியே காணாதவர்"னு போஸ்டர் அடிச்சா அது வெறும் நம்பர்.

ஒரு சண்டையைப் போடுறப்போ மேட்ச்மேக்கர் ஒரு கேள்வியை முன்வைக்கிறாரு. "இவங்க ரெண்டு பேர்ல யார் மேல?" நல்ல மேட்ச்னா அந்தக் கேள்விக்கு விடை யாருக்கும் முன்கூட்டியே தெரியாது, திறமைதான் அந்த விடையைச் சொல்லும். வெறும் ஷோவுல கேள்வியே இருக்காது, இல்லாட்டி விடை ஏற்கெனவே எழுதியிருக்கும். இதை மனசுல வச்சுக்கோங்க. இப்போ ஜப்பானுக்குப் போவோம்.

கே-1: நல்லா ஆரம்பிச்ச ஒரு கேள்வி

1993 ஏப்ரல்ல, டோக்கியோ யோயோகி அரங்கத்துல, கசுயோஷி இஷி அப்படிங்கிற கராத்தே ஆசிரியர் கே-1 கிராண்ட் பிரீயைத் தொடங்கினாரு. கராத்தே, முவே தாய், டச் கிக்பாக்ஸிங்னு ஒவ்வொருத்தரும் "என் கலைதான் பெருசு"ன்னு சொல்லிக்கிட்டிருந்த காலம். அவர் எட்டு பேரைக் கூட்டி வந்து, ஒரே ராத்திரியில கால் இறுதி, அரை இறுதி, இறுதின்னு நடத்தினாரு. ஜெயிக்கணும்னா ஒரே நாள்ல மூணு சண்டை. முதல் பட்டம் குரோஷியாவோட பிராங்கோ சிகாட்டிச்சுக்குப் போச்சு. இறுதியில அவர்கிட்ட நாக் அவுட் ஆனவர் நெதர்லாந்தோட எர்னெஸ்டோ ஹோஸ்ட்.

இந்த ஹோஸ்ட்டை ஞாபகம் வச்சுக்கோங்க. பட்டப்பெயர் "மிஸ்டர் பெர்ஃபெக்ட்". கையால ரெண்டு மூணு அடி கொடுத்து எதிரியோட கவனத்தை மேல இழுத்துட்டு, தொடையில லோ கிக் விடுவாரு. அந்த ஒரு உதை பெருசா தெரியாது. அஞ்சாவது, ஆறாவது உதைக்கப்புறம் எதிரியால கால் ஊன முடியாது. 1997, 1999, 2000னு மூணு தடவை பட்டம். 2002ல அவருக்கு 37 வயசு, அந்த விளையாட்டோட இலக்கணமே அவர்தான்.

அந்த வருஷம்தான் பாப் சாப் வந்தாரு.

சாப் அமெரிக்காவுல என்.எஃப்.எல். கால்பந்து ஆடினவர். 150 கிலோவுக்கு மேல எடை, அதுல பெரும்பாலும் தசை. கிக்பாக்ஸிங்கை அந்த வருஷம்தான் தொட்டாரு. ஆனா ஜப்பான் டிவிக்கு அவரை அவ்வளவு பிடிச்சுப்போச்சு. விளம்பரம், காமெடி நிகழ்ச்சின்னு எங்க பார்த்தாலும் அவர் முகம். அப்பேர்ப்பட்டவரை 2002 அக்டோபர்ல ஹோஸ்ட்டுக்கு எதிரா நிறுத்தினாங்க. ரெண்டு பேருக்கும் எடையில ரொம்பப் பெரிய வித்தியாசம்!

இங்க நீங்க என்ன எதிர்பார்ப்பீங்க? "திறமைதான் ஜெயிச்சது"ன்னு நான் சொல்லணும், அதானே? நடந்தது அது இல்ல. சாப் நேரா வந்து, ஹோஸ்ட்டை மூலையில தள்ளி, சுத்தியல் மாதிரி அடிச்சுக்கிட்டே இருந்தாரு. முகத்துல ஏற்பட்ட வெட்டுக்காயத்தால முதல் ரவுண்டுலயே சண்டையை நிறுத்திட்டாங்க. ஹோஸ்ட் தோல்வி. டிசம்பர்ல டோக்கியோ டோம்ல இறுதிச் சுற்று. காயத்தால விலகின ஒருத்தருக்குப் பதிலா ஹோஸ்ட் உள்ள வந்தாரு, கால் இறுதியில மறுபடியும் சாப். இந்தத் தடவை சாப்பை ஒருமுறை கீழ விழ வச்சாரு. ஆனாலும் ரெண்டாவது ரவுண்டுல சாப் மறுபடி ஜெயிச்சுட்டாரு.

அதுக்கப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. ஜெயிச்ச சாப்புக்குக் கையில காயம், அரை இறுதிக்கு வர முடியலை. விதிப்படி தோத்த ஹோஸ்ட்டே திரும்பி வந்தாரு. அரை இறுதியில ரே செஃபோ, இறுதியில ஜெரோம் லே பான்னர். லே பான்னர் தடுக்கப் பயன்படுத்தின இடது கை, ஹோஸ்ட்டோட உதைகள்ல உடைஞ்சது. ஹோஸ்ட்டுக்கு நாலாவது பட்டம்.

எனக்கு இந்த ராத்திரி ரொம்ப முக்கியம். ஏன்னா இது நம்ம கேள்வியை நேர்மையா சிக்கலாக்குது. சாப் வெறும் ஷோன்னு தள்ளிவிட முடியாது. "உடம்பு எவ்வளவு பெருசா இருந்தா திறமை தோக்கும்?" அப்படிங்கிறது நிஜமான கேள்வி. எடைப் பிரிவுகள் எதுக்கு இருக்குன்னு ஹோஸ்ட்டோட முகத்துல எழுதிக் காட்டின சண்டை அது. அதே ராத்திரி, தோற்றத்துல பாதிகூட இல்லாத ஒருத்தர்தான் கோப்பையையும் தூக்கினாரு. ரெண்டுமே உண்மை.

அடுத்த வருஷம் மார்ச்ல சாப் எதிர்ல நின்னவர் மிர்கோ க்ரோ காப். சாப்போட பாய்ச்சலைப் பார்த்து பயப்படாம, விலகி விலகி, சரியான நேரத்துல ஒரு இடது நேர்க் குத்து. சாப்போட கண்குழி எலும்பு முறிஞ்சு முதல் ரவுண்டுலயே முடிஞ்சுடுச்சு. கேள்விக்கு இன்னொரு விடையும் இருக்குன்னு தெரிஞ்சது. இதுவரைக்கும் நான் குறை சொல்ல மாட்டேன்.

2003 டிசம்பர் 31

ஆனா டிவி சேனல்கள் வேற பாடம் கத்துக்கிச்சு. "பெரிய உடம்பு, பெரிய பெயர். அது போதும்."

அகெபோனோ ஹவாயில பிறந்தவர். 1993ல சூமோவோட உச்சப் பட்டமான யோகோசுனாவை அடைஞ்ச முதல் வெளிநாட்டுக்காரர். ஜப்பான்ல யோகோசுனான்னா வெறும் சாம்பியன் இல்ல, கிட்டத்தட்ட கோயில் மரியாதை. முழங்கால் பிரச்சினைகளோட போராடி 2001ல ஓய்வு. 2003 நவம்பர்ல அவர் கே-1க்கு வரப்போறதா அறிவிப்பு. டிசம்பர் 31 ராத்திரி, நகோயா டோம்ல எதிரி பாப் சாப். அதாவது குத்துறதையும் உதைக்கிறதையும் கத்துக்க ரெண்டு மாசம்கூட இல்ல. வயசு 34, எடை 200 கிலோவுக்கு மேல.

இப்போ சொல்லுங்க, இந்த மேட்ச் என்ன கேள்வி கேட்டது? சூமோ பெருசா கிக்பாக்ஸிங் பெருசான்னா? சூமோவுல பிடிச்சுத் தள்ளணும். இங்க பிடிக்கவே கூடாது. அவரோட ஆயுதத்தை வாசல்லயே வாங்கி வச்சுட்டு உள்ள அனுப்பின மாதிரிதான்.

முதல் ரவுண்டு முடிய ரெண்டு வினாடி இருக்கறப்போ, 2 நிமிஷம் 58 வினாடியில நாக் அவுட். அகெபோனோ முகம் குப்புற தரையில கிடந்த அந்தக் காட்சி ஜப்பான்ல இன்னைக்கும் எல்லாருக்கும் தெரியும்.

மேட்ச்மேக்கர் தோத்தாரா? இல்லவே இல்ல. டிசம்பர் 31 ராத்திரி என்.எச்.கே. சேனல்ல வர்ற கோஹாகு பாட்டு நிகழ்ச்சி ஜப்பான் குடும்பங்களுக்கு, நமக்கு தீபாவளி அன்னைக்குப் பட்டிமன்றம் மாதிரி, ஆனா பல மடங்கு பெருசு. அதை யாரும் தொட முடியாதுன்னு இருந்தது. அந்தச் சண்டை நடந்த சில நிமிஷத்துக்கு இந்த சேனல் கோஹாகுவைத் தாண்டிடுச்சு. உச்சத்துல 43 சதவீதம். தொழில் கணக்குல மாபெரும் வெற்றி.

விலை கொடுத்தவர் அகெபோனோ. தொடர்ந்து தோல்வி மேல தோல்வி. கே-1ல அவர் ஜெயிச்சது ஒரே ஒரு சண்டை. அவரைத் தோற்கடிச்சவங்கள்ல ஒருத்தர் ஹோங் மான் சோய், 218 சென்டிமீட்டர் உயரமான கொரிய மல்யுத்த வீரர். பாருங்க, அடுத்த தேடலும் இன்னும் பெரிய உடம்புதான்.

2024ல அகெபோனோ இறந்தப்போ எனக்கு முதல்ல ஞாபகம் வந்தது அந்தக் குப்புற விழுந்த படம்தான். 11 தடவை சூமோ பட்டம் வாங்கின மனுஷன். நான் ஒரு நிமிஷம் வெட்கப்பட்டேன்.

விதியில ஒளிஞ்சிருக்கிற விடை

உடம்பு மட்டும் இல்ல, விதியை வச்சும் ஷோ பண்ணலாம். 2018 டிசம்பர் 31, சைதாமா. டென்ஷின் நாசுகாவா, 20 வயசு, ஜப்பானோட கிக்பாக்ஸிங் அதிசயம், தோல்வியே கிடையாது. எதிர்ல ஃப்ளாய்ட் மேவெதர், 41 வயசு, பாக்ஸிங்ல 50-0. காட்சிப் போட்டி, மூணு ரவுண்டு. ஆனா பாக்ஸிங் விதி. உதைக்கவே கூடாது. மேவெதர் எடையிலயும் சில கிலோ கூட.

போஸ்டர்ல ரெண்டு தோல்வி காணாத வீரர்கள். ரிங்குல, கால் கட்டப்பட்ட ஒரு பையன். முதல் ரவுண்டுல மூணு தடவை விழுந்தாரு, அவரோட மூலையில இருந்தவங்களே நிறுத்தச் சொன்னாங்க. டென்ஷின் அழுதாரு. "மேவெதரை உதைச்சா என்ன ஆகும்?"னு கேட்கறதுல அர்த்தம் இருந்திருக்கும். அந்தக் கேள்வியைத்தான் ஒப்பந்தத்துலயே அழிச்சுட்டாங்களே!

திறமையே திருவிழா ஆன ராத்திரி

அப்போ ஷோன்னாலே கெட்டதா? இல்ல. அதே டென்ஷினை வச்சே சொல்றேன்.

டென்ஷின் ரைஸ் அமைப்போட நட்சத்திரம். தகெரு புது கே-1 அமைப்போட சாம்பியன். 2015ல இருந்தே ரசிகர்கள் கேட்ட சண்டை இது. நடக்கலை. வேற வேற அமைப்பு, வேற ஒப்பந்தம், வேற டிவி, எடையிலயும் வித்தியாசம். இந்த விளையாட்டுல மிகச் சிறந்த ரெண்டு பேர் மோதாம இருக்கறதுக்குத் திறமை காரணமா இருக்காது. பெரும்பாலும் காகிதம்தான் காரணம்.

கடைசியில 2022 ஜூன் 19, டோக்கியோ டோம். நிகழ்ச்சிக்குப் பேரே "தி மேட்ச்". இதுல எனக்குப் பிடிச்சது பின்னாடி நடந்த பேரம்தான். 58 கிலோன்னு ஒரு நடுப்புள்ளி. சண்டை நாள்ல 62 கிலோவைத் தாண்டக் கூடாதுன்னு இன்னொரு நிபந்தனை, எடை பார்த்த பிறகு ஒருத்தர் மட்டும் தண்ணி குடிச்சு ஊதிடக் கூடாதுன்னு. எந்த அமைப்பும் தன் வீட்டுல நடத்தாம பொது மேடை. அஞ்சு நடுவர்கள். விடையை எந்தப் பக்கமும் சாய்க்கக் கூடாதுன்னு ஒவ்வொரு வரியிலயும் பார்த்துப் பார்த்து எழுதினாங்க.

வந்த கூட்டம் 56,399. முதல்ல ஒளிபரப்ப இருந்த இலவச டிவி சேனல் விலகிடுச்சு. ரசிகர்கள் காசு கட்டி இணையத்துல பார்த்தாங்க, 5 லட்சத்துக்கும் மேல விற்பனை. இந்தச் சண்டையில 200 கிலோ மனுஷன் யாரும் இல்ல. முதல் ரவுண்டு முடியப் போறப்போ தகெரு முன்னாடி வர, டென்ஷின் ஒரு சின்ன இடது ஹூக். தகெரு கீழ. அந்த அடியோட தூரம் ஒரு அடிகூட இருக்காது. மிச்ச ரெண்டு ரவுண்டும் தகெரு தொரத்தினாரு, டென்ஷின் விட்டுக்கொடுக்கலை. 5-0. தகெரு அழுதுக்கிட்டே இறங்கினாரு. ஆனா அது அகெபோனோ விழுந்த மாதிரி இல்ல. அவருக்கு ஒரு நியாயமான கேள்வி கிடைச்சது, பதிலும் கிடைச்சது.

ஒரு எதிர்வாதம்

"அண்ணா, எல்லா வாரமும் தி மேட்ச் நடக்காதே, சம்பளம் யார் கொடுப்பா?" இது சரியான கேள்வி. செமி ஷில்ட்டை எடுத்துக்கோங்க. 212 சென்டிமீட்டர், நீண்ட ஜாப், வயித்துல முன் உதை, கிட்ட வந்தா முழங்கால். கே-1 பட்டம் நாலு தடவை, அதுல 2005ல இருந்து மூணு வருஷம் தொடர்ந்து. உயரம் மட்டும் காரணம்னா, அகெபோனோவும் இரண்டு மீட்டருக்கு மேலதான்! ஷில்ட் அந்த உயரத்தைப் பயன்படுத்தக் கத்துக்கிட்டவர். ஆனாலும் "போர்"னு சொன்ன ரசிகர்கள் ஏராளம். திறமை தானா டிக்கெட் விக்காது. அதை எப்படிப் பார்க்கணும்னு யாராவது சொல்லிக் கொடுக்கணும். கமென்டேட்டர் வேலையே அதுதானே.

அதே சமயம், ஷோவை மட்டும் நம்பினா என்ன ஆகும்னும் தெரியும். ஒவ்வொரு வருஷமும் போன வருஷத்தைவிட விநோதமான ஜோடி தேவைப்படும். கே-1ஐ நடத்தின கம்பெனி பணப் பிரச்சினையில சிக்கி, ஃபைட்டர்களுக்கே சம்பள பாக்கி வச்சு, 2012ல திவாலாச்சு. காரணம் இது ஒண்ணு மட்டும்தான்னு சொல்ல மாட்டேன். ஆனா 43 சதவீதம் பார்த்தாங்கங்கிற பெருமை அந்த பாக்கியை அடைக்கலை.

போஸ்டரைப் பார்க்கறப்போ கேட்க வேண்டியது

அடுத்த தடவை ஒரு ஃபைட் போஸ்டர் உங்க ஃபீட்ல வந்தா நாலு விஷயம் பாருங்க.

முதல்ல, எடை. ரெண்டு பேரும் எத்தனை கிலோ, எடை பார்க்கிறது எப்போ?

ரெண்டாவது, விதி. யாரோட வீட்டு விதி? ஒருத்தரோட முக்கிய ஆயுதத்தைத் தடை பண்ணியிருக்காங்களா?

மூணாவது, நேரம். தயாராக எத்தனை வாரம் கொடுத்தாங்க? கடைசி நேரத்துல ஆள் மாத்தினாங்களா?

நாலாவது, தோத்தா யாருக்கு என்ன போகும்? ஒருத்தருக்கு எதுவுமே போகாதுன்னா அது ஷோ.

இதுல தேறாத சண்டையைப் பார்க்கக் கூடாதுன்னு நான் சொல்லலை. நானே பார்ப்பேன். என்ன பார்க்கறோம்னு தெரிஞ்சு பார்க்கலாம், அவ்வளவுதான்.

சரி, அந்தக் கல்யாண மண்டபக் கதை. நான் முகத்தைத் தூக்கி வச்சுக்கிட்டு கூட்டத்துல போய் உட்கார்ந்தேன். அந்த 71 கிலோ ஆளுக்கு எதிரா வேற ஜிம்ல இருந்து ஒரு பையனை ஏத்தினாங்க. ஏறக்குறைய என் எடைதான், அவனுக்கும் முதல் சண்டை. ஒரு நிமிஷம்கூட ஆகலை. தலையில ஒரு உதை, கயித்துல சாய்ஞ்சு விழுந்தான். அன்னைக்கு ராத்திரி மண்டபத்துல அதிகமா விசில் அடிச்சது அந்தச் சண்டைக்குத்தான். என் ஃபிரெண்ட்ஸும் அடிச்சாங்க. நானும் கை தட்டினேன்னு ஒத்துக்கிறேன். அவன் எழுந்திரிக்க ரொம்ப நேரம் ஆனப்போதான் தட்டறதை நிறுத்தினேன். அதுக்கப்புறம் எந்தப் போட்டியிலயும் அவனை நான் பார்க்கலை.

திரும்பி வர்றப்போ பைக்ல மாஸ்டர் பின்னாடி உட்கார்ந்திருந்தேன். ஒரு வார்த்தை பேசலை. ஜிம் வாசல்ல இறக்கிவிட்டுட்டு அவரே சொன்னாரு: "நாளைக்கு ஆறு மணிக்கு வந்துடு. 63லயே வேற ஆள் தேடுறேன்."

ரெண்டு மாசம் கழிச்சு தேடிக் கொடுத்தாரு. 62.5 கிலோ, அவனுக்கும் அது முதல் சண்டை. மூணு ரவுண்டும் ஓடுச்சு. புள்ளிக் கணக்குல தோத்தேன். வீடியோவை இதுவரைக்கும் 90 பேர் பார்த்திருக்காங்க, அதுல பாதி எங்க அம்மாவா இருக்கும். ஆனா எனக்கு லோ கிக்கைத் தடுக்கத் தெரியலைன்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது.

அடுத்த எபிசோட்ல, சண்டைக்கு முந்தின நாள் எடை குறைக்கறதுக்கு ஃபைட்டர்கள் உடம்பை என்ன பாடு படுத்துறாங்கன்னு பேசுவோம். அதுவரைக்கும், பத்திரமா இருங்க.